அம்மாவின் பாஸ்புக் யார் கையில்?

கேள்வி: எனக்கு 41 வயது. மேடவாக்கத்தில் மனைவி, மகனோடு இருக்கிறேன். அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. 72 வயது அம்மா அயனாவரம் வீட்டில் தனியாக இருக்கிறார். கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார். வயதானவர்களைப் போனிலேயே ஏமாற்றுகிற காலம் என்பதால், குடும்ப பென்ஷன் வரும் கணக்கின் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு இரண்டையும் நானே வைத்திருக்கிறேன். கணக்கில் இருப்பதும் என் செல் நம்பர்தான். மாதம் 8,000 ரூபாய் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன். மீதியை அவர் பெயரிலேயே ஆர்.டி. போடுகிறேன், ஒரு ரூபாய் தொட்டதில்லை.

போன வருடம் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி போட வேண்டும், பணம் எடுத்துக் கொடு என்றார். "தாய்மாமன் சீர்தான் நான் செய்யறேனே, நீ வேற தனியா எதுக்கு?" என்றேன். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. போன் செய்தால் 'ம்', 'சாப்பிட்டேன்', அவ்வளவுதான். நவம்பரில் ஆயுள் சான்றுக்காக லீவு போட்டுப் போய் நின்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் முகத்தைக் காட்டி ஏற்கெனவே முடித்துவிட்டாராம். நான் என்ன தப்பு செய்தேன்?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, கடிதத்தில் மனைவியின் தலையை உருட்டாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் அம்மா-மகன் கடிதங்களில் இது அபூர்வம். ஜிமிக்கி கடைசியாக வந்தது; கோபம் நீங்கள் கார்டை வாங்கி வைத்துக்கொண்ட அன்றே தொடங்கியிருக்கும்.

நான் வங்கிக் கவுன்ட்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள். மத்திய அரசு பென்ஷன் பொதுவாக மாசக் கடைசி வேலை நாளில் ஏறும். அன்று காலையிலேயே வயதான அம்மாக்கள் வந்துவிடுவார்கள். பணம் எடுக்க அல்ல, பாதிப் பேர் பாஸ்புக்கில் என்ட்ரி போட. அச்சானதும் ஓரமாகப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரியைப் படிப்பார்கள். அகவிலைப்படி ஏறியிருந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். வீட்டுக்காரர் இருந்தவரை தன் பெயரில் ஒரு கணக்குகூட இல்லாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவுக்கும் இது தன் காசு. அதை மகன் தரும் கைச்செலவாக மாற்றிவிட்டீர்கள்.

உங்கள் நேர்மையில் சந்தேகமில்லை. அவருக்கும் இருக்காது. ஆனால் தாய்மாமன் செய்வது தாய்மாமன் முறை, பாட்டி போடுவது பாட்டி முறை. கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் முன்னால் பேத்திக்குக் குந்துமணி தங்கம் போட முடியாமல் நின்றிருக்கிறார்.

ஏமாற்றுப் பேர்வழிகள் பற்றிய பயம் நியாயம்தான். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் படித்தவர்களே லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு வேறு வழி உண்டு. கார்டில் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய தொகையைக் குறைத்து வைக்கலாம், ஆன்லைன் வசதியை மூடி வைக்கலாம். பெரிய தொகை டெபாசிட்டில் இருக்கட்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பின் நம்பரைச் சொந்தப் பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது வங்கி விதி. இப்போது மீறிக்கொண்டிருப்பது நீங்கள்தான். போனில் முகம் காட்டி ஆயுள் சான்று கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு பாஸ்புக்கை வைத்துக்கொள்ளத் தெரியாதா?

சரி, இனி செய்ய வேண்டியது. போனில் மன்னிப்பு கேட்காதீர்கள், அதுவும் 'ம்'மில் முடியும். லீவு போட்டு நேரில் போங்கள். சனிக்கிழமை போவதாக இருந்தால் இரண்டாவது, நான்காவது சனியில் வங்கி கிடையாது. ஆதாரோடு அம்மாவைக் கூட்டிப் போய், உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவருடையதைப் பதியச் சொல்லுங்கள். பின் நம்பரையும் அவரே மாற்றட்டும், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். ஏன் திடீரென்று என்று கேட்டால், "உன் காசு, உன்கிட்டயே இருக்கட்டும்மா" போதும். அதற்கு மேல் விளக்க ஆரம்பித்தால் கெடுத்துவிடுவீர்கள்.

ஜிமிக்கியை நீங்கள் வாங்கித் தந்து சமாதானம் செய்யப் பார்க்க வேண்டாம். அவர் வாங்கட்டும். கூட வரச் சொன்னால் போங்கள், செய்கூலி, சேதாரம் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். மேடவாக்கம் வரச் சொல்லும் பேச்சையும் கொஞ்ச நாள் ஆறப் போடுங்கள். உடனே பழையபடி பேசிவிட மாட்டார். இரண்டு மூன்று மாசம் முறைப்பு இருக்கும்.

அப்புறம் அந்த ஆர்.டி. கணக்கு விவரம். முதல் தவணையிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். மாசச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய பெண்மணி, உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். சந்தேகப்படுகிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்காருங்கள்.