காணாமற்போன ஆட்டின் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்

"மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஏழு. இருவருக்கும் வேதாகமக் கதைப் புத்தகம் வாங்க நினைக்கிறோம். நான் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எதைப் பார்த்து வாங்குவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சகோதரி, கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் காணாமற்போன ஆட்டின் கதையைத் தேடிப் படியுங்கள். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வருவது. நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்துபோகிறது. மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடிப் போய், கண்டுபிடித்ததும் சந்தோஷமாகத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த ஆடு எதுவுமே செய்யவில்லை. தேடுவது, தூக்குவது, மகிழ்வது எல்லாம் மேய்ப்பன்தான். சில புத்தகங்கள் இதை "அம்மா பேச்சைக் கேட்காத ஆடு" கதையாக்கி, கடைசியில் அதற்குப் புத்தி சொல்லி முடிக்கும். அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். சமத்தாக இருந்தால்தான் கடவுளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், அதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஞாயிறு பள்ளியில் பார்த்து வருகிறேன். தப்பு செய்த அன்று அந்தப் பிள்ளை ஜெபிக்கவே பயப்படும்.

அடுத்தது சொற்கள். உங்கள் வீட்டுக்கு இது முக்கியம். கணவரின் சபையில் கர்த்தர், பரிசுத்த ஆவி, நல்ல மேய்ப்பன், சங்கீதம். உங்கள் கோவிலில் ஆண்டவர், தூய ஆவி, நல்ல ஆயன், திருப்பாடல். பிள்ளை எந்த ஆராதனைக்கு அதிகம் போகிறதோ, அந்தச் சொற்கள் உள்ள புத்தகமாகப் பாருங்கள். வாசிக்கும்போது "தாத்தா வீட்டுக் கோவிலில் இவரையே ஆயன் என்று சொல்வார்கள்" என்று சேர்த்துச் சொன்னால் போதும், குழந்தைகள் குழம்ப மாட்டார்கள்.

நான்கு வயதுக்குக் கெட்டி அட்டை, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு செயல். சிறுவன் சாமுவேலின் கதை இதற்கு அருமையானது. கடவுள் கூப்பிடும் சத்தம் கேட்டு, கூப்பிட்டது ஆசாரியர் ஏலி என்று நினைத்து மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். மூன்றாவது முறை உங்கள் மகளே முந்திக்கொண்டு "இதோ இருக்கிறேன்" என்பாள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கதை இப்போது வேண்டாம். "அப்பா என்னையும் அப்படிச் செய்வாரா?" என்ற கேள்விக்கு அந்த வயதில் பதில் சொல்லி முடியாது.

மகனுக்கு வாங்கும் புத்தகத்தில் ஒவ்வொரு கதையின் கீழும் வேத பகுதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் ஒருநாள் வேதாகமத்தைத் திறந்து ஒப்பிடுவான். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு நற்செய்தி எண்ணிக்கை சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. ஏதேன் தோட்டத்துப் பழம் ஆப்பிள் என்றும் எங்கும் இல்லை. இவை சிறு விஷயங்கள்தான். ஆனால் அவன் கேட்டால் மழுப்பாமல், அவனோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் படங்கள். இயேசு கலிலேயாவில் வளர்ந்த யூதர். பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்ணுமாக வரைந்த புத்தகத்தைவிட, வெயிலில் நடந்த மனிதராக வரைந்ததைத் தேடுங்கள். அதில் அவர் குழந்தைகளை அணைத்துக்கொண்டிருக்கும் பக்கம் இருந்தால், மகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.