ஆறு லாரிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மானேசர் கிடங்கு பற்றிய செய்தியைப் படித்த பிறகு அமேசானில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் ‘நீ ஒருத்தன் வாங்காவிட்டால் அமேசானை ஆரம்பித்த பெசோஸ் பட்டினி கிடப்பாரா?’ என்று சிரிக்கிறார்கள். இன்னொரு நண்பர், ‘எல்லாரும் நிறுத்தினால் முதலில் வேலை போவது அந்தத் தொழிலாளிக்குத்தான்’ என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டிலும் சிக்கல். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கான டயப்பர் எங்கள் ஊர் மருந்துக்கடையில் சரியான அளவில் கிடைப்பதில்லை. இந்தப் புறக்கணிப்புக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

எஸ்.
மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

டயப்பரை வாங்குங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

செய்தியைத் தவறவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். 2024 மே மாதம், வட இந்தியா வெயிலில் வெந்துகொண்டிருந்த நேரம். ஹரியானா மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், தேநீர் இடைவேளை முடிந்து வந்த தொழிலாளர்களை நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். 24 அடி நீள லாரிகள் ஆறையும் இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று. பள்ளிக்கூடத்தில் கையை நீட்டி எடுப்போமே, அந்த மாதிரி. வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணிநேரம் நின்று வேலை செய்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய் சொச்சம். செய்தி வந்ததும் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. எங்கோ ஓரிடத்தில் நடந்த தனிச் சம்பவம் என்றது நிறுவனம். ஒரு மேற்பார்வையாளர் அப்படிக் கேட்கத் துணிகிறார் என்றால், அவர் தலைமேல் என்ன இலக்கு உட்கார்ந்திருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

‘வேலை போகும்’ என்கிற உங்கள் நண்பரிடம் கனடாவின் கியூபெக்கைப் பற்றிச் சொல்லுங்கள். மாண்ட்ரியலை ஒட்டிய லாவால் கிடங்கில் 2024 மே மாதம் சங்கம் அமைந்தது. 2025 ஜனவரியில் அமேசான் அந்த ஒரு கிடங்கை மட்டுமல்ல, மாகாணத்தில் இருந்த ஏழையும் மூடுவதாக அறிவித்தது. 1,700க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. செலவுக் கணக்குதான் காரணம், சங்கம் அல்ல என்றார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். நம் விஷயத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: அங்கே அதற்கு முன்னால் யாரும் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தபோதே வேலை போனது. அதன் பிறகுதான் சிஎஸ்என் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு புறக்கணிப்புக்கு அழைத்தது.

தொழிலாளர்கள் அழைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவின் டெலானோவில் 1965இல் திராட்சை பறிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஃபிலிப்பினோக்கள் தொடங்கினார்கள், சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வம்சாவளியினர் சேர்ந்துகொண்டார்கள். திராட்சை வாங்காதீர்கள் என்று நகரம் நகரமாகப் போய்க் கேட்டதும் அவர்கள்தான். 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் புறக்கணிப்பை முடித்துக்கொண்டார்கள். என்ன கிடைத்தால் புறக்கணிப்பை நிறுத்துவோம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. உங்களுடையதில் அது இல்லை. நீங்கள் எதற்காக வாங்குவதை நிறுத்தினீர்கள் என்பது மானேசர் தொழிலாளிக்கும் தெரியாது, பெசோஸுக்கும் தெரியாது.

இன்னொரு சங்கடம். அமேசான் திராட்சைத் தோட்டம் அல்ல. 2023இல் அதன் இயக்க லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடையிலிருந்து வரவில்லை, மற்ற நிறுவனங்களுக்குக் கணினி வசதியை வாடகைக்கு விடும் ஏடபிள்யூஎஸ்ஸிலிருந்து வந்தது. கோபித்துக்கொண்டு வேறு ஆப்புக்குப் போனால், அந்த ஆப்பே அமேசான் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கலாம். (சிரித்த நண்பர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.)

அப்படியானால் அர்த்தமே இல்லையா? அப்படிச் சொல்லமாட்டேன். உண்மையில் நிறுவனத்தை அசைத்தவை எவை என்று பார்த்தால், வெளியே வந்த செய்திகளும் உள்ளே கூடிய ஆட்களும்தான். 2011இல் பென்சில்வேனியா கிடங்கில் வெக்கையில் மயங்கி விழுபவர்களுக்காக வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்திவைத்திருந்ததை உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அடுத்த ஆண்டே கிடங்குகளில் ஏசி போட 52 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். 2022இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் சங்கம் வேண்டும் என்று 2,654 பேரும் வேண்டாம் என்று 2,131 பேரும் வாக்களித்தார்கள். நம்மூர் ஆட்களும் சும்மா இல்லை. 2024 நவம்பரில், பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனை சமயத்தில், கிடங்குத் தொழிலாளர்களும் டெலிவரி செய்பவர்களும் தில்லி ஜந்தர் மந்தரில் கூடினார்கள்.

ஆகவே என் யோசனை இது. வருடம் முழுக்க வாங்காமல் இருந்து யாருக்கும் தெரியாமல் போவதைவிட, பெரிய தள்ளுபடி விற்பனை நாட்களில் வாங்காதீர்கள். அமெரிக்காவில் செனட் குழு ஒன்று 2024இல் வெளியிட்ட அறிக்கை, பிரைம் டே என்ற அமேசானின் தள்ளுபடி விற்பனையிலும் கிறிஸ்துமஸ் நெருக்கடியிலும்தான் கிடங்குகளில் காயங்கள் கூடுகின்றன என்றது. அறிக்கையை நிறுவனம் மறுத்தது. ஆனால் ஒரே வாரத்தில் மலைமாதிரி ஆர்டர் குவிந்தால் லாரியை யார் வேகமாக இறக்கவேண்டும் என்பதற்கு அறிக்கை வேண்டியதில்லை. அந்த வாரம் வாங்காமல் இருங்கள், ஏன் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். சங்கம் ஏதாவது கேட்டால், அது வாங்காதே என்றாலும் சரி, கையெழுத்துப் போடு என்றாலும் சரி, அதைச் செய்யுங்கள்.

அப்புறம், அமேசானை நிறுத்திய பிறகு எங்கே வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்புகள் இன்னும் மன்னார்குடிக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். வந்துவிட்டதா?