விலைச்சீட்டைப் பார்த்தா ருசி பார்ப்பது?

கே: இத்தாலியின் விலை குறைந்த சிவப்பு ஒயின்கள் எல்லாம் ஒரே ருசிதானே? பரோலோ போன்ற பெரிய பெயர்களை விட்டால் பேச என்ன இருக்கிறது?

ப: எந்தப் புட்டியைக் குடித்துவிட்டுக் கேட்கிறீர்கள்? லேபிளில் ஊர்ப்பெயரே இல்லாமல் 'வீனோ ரோஸ்ஸோ' (சிவப்பு ஒயின்) என்று மட்டும் இருந்திருந்தால் உங்கள் குறை நியாயமானது. பல இடத்துச் சரக்கையும் கலந்துவிட்டால் எந்த மண்ணின் ருசியும் தங்காது.

பரோலோ விளையும் வட இத்தாலியின் பியட்மாண்டையே எடுத்துக்கொள்வோம். வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவுகள் பரோலோவுக்கான நெபியோலோ திராட்சைக்கு. மற்ற சரிவுகளில் பார்பெரா, டோல்செட்டோ என்ற திராட்சைகள்; அவற்றின் ஒயினுக்கும் அதே பெயர்கள்தான். பரோலோ சட்டப்படி 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே கடைக்கு வரும். அப்போதும் அதன் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். அதைத் தயாரிக்கிறவர்களே அன்றாடச் சாப்பாட்டுக்குத் திறப்பது பார்பெராவையோ டோல்செட்டோவையோதான். பார்பெராவில் துவர்ப்பு சொற்பம். பழம் நன்றாகக் கனிந்த பிறகும் புளிப்பு மட்டும் விடாது. வெண்ணெயும் இறைச்சியும் மிகுந்த அவ்வூர்ச் சமையலுக்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

மலிவென்றால் கலப்படம் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரக்கு பார்பெரா என்றும் விற்கப்பட்டதால் பார்பெராவின் பெயரும் கெட்டது. குற்றம், மெத்தனாலைக் கலந்த வியாபாரிகளுடையது, திராட்சையுடையது அல்ல.

எமிலியா வட்டாரத்தின் நுரைக்கும் சிவப்பு ஒயினான லாம்புருஸ்கோவை ஊற்றினால் கோப்பையில் ஊதா நுரை பொங்கி, சட்டென்று அடங்கும். குளிரவைத்துக் குடிக்க வேண்டும். பன்றியிறைச்சியில் செய்யும் மொர்த்தடெல்லா ஒரு துண்டு, பிறகு ஒரு மிடறு. நாவில் படிந்த கொழுப்பைக் குமிழிகளும் புளிப்புமாகச் சேர்ந்து வழித்துக்கொண்டு போய்விடும். 1970-களில் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போன இனிப்பு வகையால் இதை இளப்பமாகப் பேசுகிறார்கள். அது அநியாயம். 'செக்கோ' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், இனிப்பிருக்காது.

டஸ்கனியின் கியாந்தி உங்களுக்கே தெரிந்திருக்கும். தக்காளிக் குழம்புக்கு அதன் சாஞ்சோவேசே திராட்சை நல்ல துணை.

தெற்கே புலியாவின் பிரிமிதிவோ திராட்சை முற்றிலும் வேறு ரகம். அந்த வெயிலில் சீக்கிரமே கனிந்து, சர்க்கரை ஏறிவிடும்; அதன் ஒயின் 14 சதவீத ஆல்கஹாலைச் சாதாரணமாகத் தொடும். நெடுங்காலம் தெற்கத்திச் சரக்கைத் தொட்டி தொட்டியாக வடக்கே அனுப்பி, அங்கத்திய நோஞ்சான் ஒயின்களுக்கு உடம்பேற்றினார்கள். இன்று பிரிமிதிவோ, மந்தூரியா என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிப் புட்டியில் வருகிறது. அதையும் ஒரு பார்பெராவையும் அருகருகே வைத்து ருசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் மறுபடி எழுதுங்கள்.