ஜிஞ்சர் பியர் போத்தல் ஏன் வெடித்தது?

வெள்ளவத்தை வீட்டில் போட்ட ஜிஞ்சர் பியர், மூன்றாம் நாள் இரண்டு கண்ணாடிப் போத்தல்களை வெடிக்க வைத்தது என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கும் காயம் இல்லையே? மீதிப் போத்தல்களைத் தடித்த துவாயால் சுற்றி, கண்ணைக் காத்துக்கொண்டு, பிரிஜ்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகே மெல்லத் திறக்க வேண்டும்.

காரணம் சீனிதான். லீட்டருக்கு 4 கிராம் சீனி புளித்தாலே ஏறக்குறைய ஒரு லீட்டர் வாயு வரும். நல்ல நுரைக்கு 12 கிராம் போதும். நீங்கள் போட்டதோ 100 கிராம்! இனிப்புக்கு அது தேவைதான், ஆனால் சீனியைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும் ஈஸ்ட் தானாக நிற்காது, குளிர்தான் அதை அடக்கும். கொழும்பு வெக்கையில் நுரை பிடிக்க ஒரு நாளே போதுமாக இருக்கும். குளிர்நாட்டுக் குறிப்பில் உள்ள நாட்கணக்கை நம்பாதீர்கள்.

அடுத்த முறை பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றி, அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். கல்லுப் போல இறுகியதும் உடனே பிரிஜ்ஜுக்குள் வையுங்கள்.