ஓர்காவைப் பெயர் சொல்லி அழைப்பது எப்படி?

கே: கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கம் ஆய்வுப் படகில் போகிறவர்கள், கொலைகாரத் திமிங்கிலம் எனப்படும் ஓர்காவைப் பார்த்ததும் ‘இது இன்ன ஓர்கா’ என்று சொல்லிவிடுகிறார்களே?

ப: எல்லாம் போட்டோவை வைத்துத்தான். 1970களின் தொடக்கத்தில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் நிலைநாட்டிய முறை. முதுகுத் துடுப்பின் வடிவம், அதன் பின்விளிம்பிலுள்ள வெட்டுகள், துடுப்புக்குப் பின்னாலுள்ள சாம்பல் திட்டு, அதிலுள்ள கீறல்கள் ஆகியவைதான் அடையாளம். திட்டு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். ஆகவே இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்றுதான் கிடைக்குமென்றால் இடப்பக்கம். அங்குள்ள பழைய ஓர்கா அடையாளப் பட்டியல்கள் பெரும்பாலும் அதை வைத்தே தயாரானவை.

பாதி வேலை படகோட்டியுடையது. துரத்தவும் கூடாது, குறுக்கே வெட்டவும் கூடாது. ஓர்காவின் வேகத்திலேயே பக்கவாட்டில், இணையாகப் போக வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் துடுப்பு வெறும் கோடு. சூரியனுக்கு எதிரே எடுத்தால் நிழலுருவம்; வெட்டுகள் தெரியும், திட்டு தெரியாது.

லென்ஸ் 300 முதல் 400 மி.மீ., ஷட்டர் குறைந்தது 1/1000 நொடி. ட்ரைபாட் வேண்டாம், எஞ்சின் அதிர்வு அப்படியே கேமராவில் ஏறிவிடும். கருத்த உடலைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். திட்டு வெளுத்துக் கீறல்கள் மறைந்துபோகும். கொஞ்சம் குறைத்தே வையுங்கள். ஃபோகஸ் அலையில் போய் ஒட்டிக்கொள்வது தீராத தலைவலி. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, துடுப்பின் அடிவரை நீர் விலகும்போது தொடர்ச்சியாக அழுத்துங்கள்.

கே: சுற்றுலாப் படகிலிருந்து இவ்வளவு நெருங்கலாமா?

ப: கூடாது. ஆய்வாளர்களுக்குத் தனி அனுமதி உண்டு. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ‘தெற்குக் கூட்டம்’ (Southern Residents) எனப்படும் அப்பகுதி ஓர்காக்களிடமிருந்து 1,000 கெஜம் தள்ளியிருக்க வேண்டும் என்பது 2025 முதல் சட்டம்.