ஏஜென்டிடம் 10 நிமிடம்: நாவலைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து நடக்கும் ஒரு எழுத்தாளர் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே, எழுத்தாளருக்காகப் புத்தகத்தைப் பதிப்பாளரிடம் விற்றுத்தரும் இலக்கிய ஏஜென்ட் ஒருவரிடம் தனியாக 10 நிமிடம் பேசலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் கதையை எப்படிச் சொல்வது? அச்சடித்த பிரதியைக் கையோடு கொண்டுபோக வேண்டுமா? புது ஆட்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். போவதால் பலன் இருக்குமா?

பதில்: மாநாட்டுக்குப் போங்கள். ஆனால் அந்த 10 நிமிடத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இந்தத் தடவை கட்ட வேண்டாம். நாவல் இன்னும் முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் காரணம்.

முதல் நாவலோடு வருகிறவரிடம் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வியே "எழுதி முடித்தாயிற்றா, எத்தனை வார்த்தை?" என்பதுதான். "இன்னும் கொஞ்சம் பாக்கி" என்றால் பேச்சு மரியாதையாகத் தொடரும், ஆனால் அதற்கு மேல் அவர் செய்ய ஒன்றுமில்லை. ஆரம்பம் அருமையாக இருந்து பாதியில் தொய்ந்துபோகும் நாவல்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். கடைசி வரை தாங்குகிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும், அதை அரைகுறைப் பிரதியில் காட்ட முடியாது. எழுதி முடித்து, சில வாரம் மூடிவைத்து, திரும்ப எடுத்துத் திருத்தி, உங்களிடம் உண்மை பேசக்கூடிய இரண்டு பேர் படித்த பிறகுதான் அது வெளியே காட்டக்கூடிய பிரதி. இரண்டு மாதத்தில் இதையெல்லாம் அவசரமாகச் செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு ஏஜென்ட் ஒரு நாவலைப் பெரும்பாலும் ஒரு தடவைதான் படிப்பார். அந்தத் தடவையை அரைவேக்காட்டுக்குச் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அபுனைவு, அதாவது கதையல்லாத புத்தகம் என்றால் கணக்கே வேறு. அங்கே முழுப் புத்தகம் தேவையில்லை. புத்தகம் எதைப் பற்றியது, யார் வாங்குவார்கள், இதை எழுத நீங்கள் ஏன் பொருத்தமானவர், அத்தியாயங்கள் என்னென்ன என்று சொல்லும் ஒரு ப்ரொபோசலும், ஓரிரண்டு மாதிரி அத்தியாயங்களும் இருந்தால் போதும். சொந்த வாழ்க்கையை எழுதும் நினைவுக்குறிப்பு மட்டும் விதிவிலக்கு. அதைப் பெரும்பாலான ஏஜென்டுகள் நாவலைப் போலவே முழுதாகக் கேட்பார்கள்.

சரி, ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது வீண் இல்லை. உட்கார்ந்ததும் "நாவல் இன்னும் முடியவில்லை, ஆனால் கதையைச் சொல்லி உங்கள் அபிப்பிராயம் கேட்க ஆசைப்படுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்துக் கடைசியில் அவர் கேட்கும்போது சொல்வதுதான் தப்பு.

இனி, கதையை எப்படிச் சொல்வது. நீங்கள் கேட்டதில் இதுதான் முக்கியமான கேள்வி.

அந்த 10 நிமிடத்தில் உங்கள் வேலை புத்தகத்தை விற்பது இல்லை. அங்கே யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. எதிரே இருப்பவர் "இதைப் படித்துப் பார்க்கணும்" என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முழுக்கதை தேவைப்படாது. யார், அவருக்கு என்ன நேர்கிறது, எதற்கும் எதற்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். முடிவைச் சொல்லாதீர்கள், அவராகக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள்.

நான் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்தம் சொல்லும் வேலையில் இருப்பவள். பிட்ச், அதாவது ஏஜென்டிடம் கதையைச் சுருக்கிச் சொல்லும் பேச்சை எழுதிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேராவது இந்த மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: "என் நாவல் நினைவையும் இடப்பெயர்வையும் பற்றியது. மனிதன் தன் வேர்களை இழக்கும்போது என்ன ஆகிறான் என்பதை மூன்று தலைமுறைகள் வழியாகச் சொல்கிறது." இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் கேட்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இதே வரியை இன்னும் 50 நாவல்களுக்குச் சொல்லலாம்.

அதே நாவலை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அணை கட்டுவதால் ஒரு ஊர் 40 நாளில் தண்ணீருக்குள் போகப்போகிறது. அந்த ஊர்த் தபால்காரருக்கு 58 வயது. 30 வருடத்துக்கு முன்னால் கொடுக்காமல் மறைத்த ஒரு கடிதம் அவர் பெட்டியில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஒரு பெண்ணுக்கு அவள் நிலத்துக்கான இழப்பீடு கிடைக்கும். ஆனால் இவர் வேலையும் போகும், மகளின் கல்யாணமும் நின்றுவிடும். ஊர் காலியாவதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும்."

வாய்விட்டுப் படித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. நினைவு, இடப்பெயர்வு எல்லாம் இதிலும் இருக்கிறது, பெயர் சொல்லாமலே. கேட்டவர் வாயிலிருந்து அடுத்து என்ன வரும்? "ஏன் அந்தக் கடிதத்தை மறைத்தார்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்ச ஒன்பது நிமிடமும் சாதாரணப் பேச்சுதான். உங்களைப் போலக் கூச்சம் உள்ளவர்களுக்கு இது ரொம்ப உதவும்: நீங்கள் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்.

இதோடு மூன்று விவரங்களை நாக்கு நுனியில் வைத்திருங்கள். நாவல் எந்த வகை, எத்தனை வார்த்தை, அண்மையில் வந்த எந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கடைக்காரர் இதை வைப்பார். பெரியவர்களுக்கான பொது நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 வார்த்தை வரை இயல்பான அளவு. அறிவியல் புனைவு, ஃபேன்டசி என்றால் 1,20,000 வரை பொறுத்துக்கொள்வார்கள். முதல் நாவலே 2,00,000 வார்த்தை என்றால் கதையைக் கேட்கும் முன்பே அவர் முகம் மாறும். பக்கத்தில் வைக்கும் புத்தகங்கள் கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்தவையாக இருக்கட்டும். உலகமே படித்த ஒரு செவ்வியல் நாவலையோ, கோடிக்கணக்கில் விற்ற ஒன்றையோ சொன்னால், நீங்கள் இப்போது வருகிற புத்தகங்களைப் படிப்பதில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மனப்பாடம் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு பக்கத்தை அப்படியே உருப்போட்டுக்கொண்டு போனார். மூன்றாவது வரியில் ஏஜென்ட் ஆர்வமாகக் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். இவருக்கு விட்ட இடம் மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கேள்விதான் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல செய்தி, அதை அவர் தொந்தரவாக எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். நாவலைப் படிக்காத ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அவரை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதை விட்டுவிடுகிறாரோ அது பிட்சில் தேவையில்லை. துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு பேசுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பதற்றம் அவர்களுக்குப் பழகிய விஷயம்.

அச்சடித்த பிரதி வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் 400 பக்கத்தைச் சுமந்து போக மாட்டார். முதல் பக்கம் மட்டும் இரண்டு நகல் பையில் இருக்கட்டும், அவர் கேட்டால் கொடுக்கலாம்.

மாநாட்டின் மற்ற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போவதால் பலன் உண்டா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மாநாடுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1926 முதல் நடந்துவரும் பிரெட் லோஃப் மாநாடு எழுத்துப் பட்டறையை மையமாகக் கொண்டது. நியூயார்க்கில் நடக்கும் த்ரில்லர்ஃபெஸ்ட்டில் பிட்ச்ஃபெஸ்ட் என்றே ஒரு தனிப் பகுதி உண்டு. எழுத்தாளர்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு ஏஜென்டிடமும் சில நிமிடம் பேசுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் புத்தகச் சந்தைகளோ பதிப்பாளர்களும் ஏஜென்டுகளும் தங்களுக்குள் புத்தகங்களின் வெளியீட்டு உரிமையை வாங்கி விற்கும் இடம். அங்கே அவர்கள் நாட்குறிப்பு அரை மணிக்கு ஒரு சந்திப்பு என்று நிரம்பியிருக்கும், புதிய எழுத்தாளர் போய்க் கதவைத் தட்டுவதில் பயன் இல்லை. நீங்கள் பதிவு செய்திருப்பது எந்த வகை என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தெரியும்.

நிரலில் முதல் பக்க வாசிப்பு என்று ஏதாவது இருந்தால் அதை விடாதீர்கள். பெயர் போடாமல் கொடுத்த முதல் பக்கங்களை ஒருவர் உரக்கப் படிப்பார். மேடையில் மூன்று நான்கு ஏஜென்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் மேசையில் இதைப் படித்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்போமோ அந்த இடத்தில் கை தூக்குவார்கள். சில பக்கங்களில் நான்காவது வரியிலேயே இரண்டு கை மேலே போகும். கனவில் ஆரம்பித்து விழித்தெழும் காட்சி, வானிலை வர்ணனை, கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்து வர்ணிக்கும் நாயகி, இதற்கெல்லாம் கை சீக்கிரம் உயரும். இன்னொரு பக்கம் வரும், கடைசி வரி வரை ஒரு கையும் அசையாது, அரங்கமே அமைதியாகிவிடும். அப்போது அந்தப் பக்கத்தை எழுதியவர் உங்கள் பக்கத்து நாற்காலியில்கூட இருக்கலாம். வேறு எங்கும் கிடைக்காத ஒரு மணி நேரம் அது. தனிப் பிட்சைவிட இதில்தான் அதிகம் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் அபிப்பிராயம்.

பிட்சுக்காக மட்டும் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதே ஏஜென்டுக்கு நீங்கள் வீட்டிலிருந்தே மின்னஞ்சலில் ஒரு பக்கக் கொயரி கடிதம், அதாவது நாவலை அறிமுகப்படுத்திப் படிக்க விருப்பமா என்று கேட்கும் கடிதம் அனுப்பலாம், காசு செலவில்லை. பெரும்பாலான எழுத்தாளர்கள் ஏஜென்ட் பிடித்தது அந்த வழியில்தான். நேரில் பேசினால் உங்கள் பெயர் அவர் நினைவில் கொஞ்சம் நிற்கும், அனுப்பியது சற்று சீக்கிரம் படிக்கப்படும். கடைசியில் முடிவு செய்வது பக்கங்கள்தான்.

அதனால் அவர் "அனுப்புங்கள்" என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகத்துக்கு நேரே மறுப்பது யாருக்கும் கஷ்டம், மரியாதைக்குச் சொல்வதும் உண்டு. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் 10 பக்கமா, 50 பக்கமா, முழுப் பிரதியா, சுருக்கமும் வேண்டுமா. அவர் கேட்டதற்கு மேல் ஒரு பக்கம்கூட அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலின் தலைப்பிலேயே இது கேட்டு வாங்கிய பிரதி என்பதையும் மாநாட்டின் பெயரையும் போடுங்கள். பிரதி 12 புள்ளி அளவு எழுத்தில், வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளியோடு, பக்க எண்ணோடு இருக்கட்டும். இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அப்புறம் காத்திருக்கும் நேரத்தில் மற்ற ஏஜென்டுகளுக்கும் அனுப்புங்கள், அதில் தவறு இல்லை. யாராவது ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றால் மற்றவர்களுக்குத் தெரியப்படுத்தி ஓரிரு வாரம் அவகாசம் கொடுப்பதுதான் முறை.

பணத்தில் எச்சரிக்கையாக இருங்கள். மாநாடு நடத்துகிறவர்கள் சந்திப்புக்குக் கட்டணம் வாங்குவது வேறு, ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்பது வேறு. நேர்மையான ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகுதான் சம்பாதிப்பார்: உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம். படித்துப் பார்க்கக் கட்டணம், பதிவுக் கட்டணம், "முதலில் எங்கள் எடிட்டரிடம் கொடுங்கள்" என்பதெல்லாம் வந்தால் எழுந்துவிடுங்கள். அமெரிக்க இலக்கிய ஏஜென்டுகள் சங்கமும், பிரிட்டனில் 1974 முதல் இயங்கும் ஆசிரியர் முகவர்கள் சங்கமும் படிப்பதற்குக் கட்டணம் வாங்க உறுப்பினர்களை அனுமதிப்பதில்லை. மாநாடு முடிந்த சில நாளில் பிரபல ஏஜென்ட் பெயரில் புகழ்ந்து தள்ளும் மின்னஞ்சல் வந்தால், அனுப்பிய முகவரியை அவருடைய நிறுவனத்தின் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். உண்மையான ஏஜென்டுகள் பெயரை வைத்து ஏமாற்றுவது இப்போது அதிகம். 1998 முதல் எழுத்தாளர்களை இதில் எச்சரித்துவரும் ரைட்டர் பிவேர் தளத்தில் ஒரு தடவை அந்தப் பெயரைத் தேடிவிட்டு அப்புறம் பதில் எழுதுங்கள்.

பணம் கட்டியாகிவிட்டது, உட்கார்ந்தும் விட்டீர்கள், அவர் உங்கள் கதையைக் கேட்டுவிட்டு "எனக்கு ஒத்துவராது" என்கிறார். வாதாடாதீர்கள். இன்னும் நாலைந்து நிமிடம் உங்களுக்குச் சொந்தமானது. "நான் சொல்லும்போது எந்த இடத்தில் உங்களுக்கு ஆர்வம் விட்டுப்போனது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யோசித்து நேர்மையாகவே சொல்வார். சொன்னதை அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள். எழுதப் பாக்கியிருக்கும் அந்தக் கால்வாசிக்கு அந்தக் குறிப்பு நேராக உதவும்.