காத்துக்குக் காத்திருக்கிற படம் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, ஒரு ஆங்கிலேயப் பாய்மரப் போர்க்கப்பல் பிரெஞ்சுக் கப்பலைத் துரத்தற ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ படத்தை எங்க வீட்டு மொட்டை மாடியில புரொஜக்டர் வச்சுப் போட்டோம். உண்மையைச் சொல்லணும்னா பாதிப் பேருக்குப் பிடிக்கல. ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ மாதிரி இருக்கும்னு வந்த ஒருத்தன் பாதியிலேயே கிளம்பிட்டான். “முதல்ல ஒரு சண்டை, கடைசியில ஒரு சண்டை, நடுவுல சும்மா கயிறு இழுத்துக்கிட்டு இருக்காங்க”ன்னு இன்னொருத்தன். ஹீரோயினே இல்லைன்னு ஒருத்தன். எனக்கு வேற கோவம். பிரெஞ்சுக்காரங்களை முகமே இல்லாத வில்லனா வச்சிருக்காங்க, பாண்டிச்சேரியில உக்காந்து அதைப் பார்க்கிறப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா எங்கப்பா, வீராம்பட்டினத்துல பாய் கட்டி மீன்பிடித் தொழிலுக்குப் போன ஆளு, கடைசி வரைக்கும் எழுந்திரிக்கல. புயல் சீன்ல ஒண்ணும் பேசல, காத்தில்லாம கப்பல் நிக்கிற இடத்துல மட்டும் “போச்சு”ன்னார். இது நிஜமாவே நல்ல படமா, இல்ல கடல் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் நல்ல படமா?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

நல்ல படம். கடல் தெரியாதவங்களுக்கும் நல்ல படம்தான், ஆனா அடுத்த சண்டை எப்போ வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தா கை நழுவிப் போயிடும், ஏன்னா உங்க நண்பர் கயிறு இழுக்கிறாங்கன்னு சொன்னாரே, கதை முழுக்க அங்கதான் நடக்குது.

இதுவும் ‘பைரேட்ஸ்’ படமும் ஒரே வருஷம், 2003ல வந்ததால பாவம் இது அதோட சேர்த்தே பேசப்பட்டுப் போச்சு. அதுல கப்பல் கதை போற பக்கம் போகும். பீட்டர் வியர் எடுத்த இந்தப் படத்துல காத்து போற பக்கம்தான் கதை போக முடியும். பாய்மரக் கப்பல் காத்துக்கு நேர் எதிரா போகவே முடியாது, வளைஞ்சு வளைஞ்சு கோணலாத்தான் ஏறணும், அதனால ரெண்டு கப்பல்ல எது காத்து வர்ற பக்கமா நிக்குதோ அதுக்குத்தான் எப்போ சண்டை போடலாம், எப்போ விலகலாம்னு முடிவு பண்ற உரிமை. கேப்டனா வர்ற ரஸ்ஸல் குரோ, படம் முழுக்க அண்ணாந்து பாயைப் பார்க்கிறதும் அடிவானத்தைப் பார்க்கிறதும் அதுக்காகத்தான்.

உங்கப்பா “போச்சு”ன்னது எவ்வளவு சரியான இடம் தெரியுமா. காத்து செத்துப் போகுது, வெயில், தண்ணி அளந்து குடுக்கிற நிலைமை, உடனே கப்பல்ல இருக்கிறவங்க ஒரு இளம் அதிகாரியைப் பார்த்து இவன் ராசிதான் எல்லாத்துக்கும் காரணம்னு ஆரம்பிக்கிறாங்க, கடைசியில அந்தப் பையன் பீரங்கிக் குண்டைக் கையில புடிச்சுக்கிட்டு ராத்திரியில கடல்ல இறங்கிடறான். எதிரி ஒருத்தனும் கிட்டயே இல்ல, காத்து வீசாததுல ஒரு உயிர் போகுது. புயல் வந்தா செய்யறதுக்கு வேலை இருக்கு, காத்து நின்னா ஒரு வேலையும் இல்ல, மனுஷனை மனுஷன் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். எந்தக் கடல் படத்துலயும் இவ்வளவு பயமான இடத்தை நான் பார்த்ததில்ல. மோட்டார் வர்றதுக்கு முந்தி தொழிலுக்குப் போனவருக்கு அதைச் சப்டைட்டில் போட்டா விளக்கணும்?

இதெல்லாம் எங்கேயோ தென் அமெரிக்கா பக்கம் நடக்கிற கதைன்னு ஒதுக்கிடாதீங்க. படத்துல வர்ற 1805க்கு 22 வருஷம் முன்னாடி, 1783 ஜூன்ல, எங்க கடலூர் கடல்லயே இது நடந்திருக்கு. கோட்டைக்குள்ள பிரெஞ்சுப் படை, வெளியில ஆங்கிலேயர் முற்றுகை, கடல்ல ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸோட 18 போர்க்கப்பல், எதிர்ல பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனோட 15. சண்டை போட ரெண்டு பேரும் தயார், காத்துதான் சரியா அமையல, நாள்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நகர்றதும் நிக்கிறதுமா இருந்தாங்க. அதுக்குள்ள சுஃப்ரன் கரையிலேருந்து சுமார் 1200 பேரைக் கப்பல்ல ஏத்திக்கிட்டார், பீரங்கிக்கு ஆள் பத்தல. ஹியூஸ் பக்கம் ஸ்கர்வி நோய், குடிக்கத் தண்ணியும் இல்ல. ஜூன் 20ஆம் தேதி மேல்காத்து அடிச்சப்போ அது சுஃப்ரனுக்குச் சாதகமா இருந்துச்சு, மோதினாங்க, ரெண்டு பக்கமும் சாவு, ஒரு கப்பலும் மூழ்கல, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிட்டார். இதுல நெஞ்சை அடைக்கிற விஷயம், ஐரோப்பாவுல ரெண்டு ராஜாங்கமும் ஜனவரி மாசமே சமாதான உடன்பாட்டுல கையெழுத்து போட்டுட்டாங்க, செய்தி கப்பல்ல வந்து சேரத்தான் ஜூன் கடைசி ஆச்சு. முடிஞ்சு போன சண்டைக்காக தேவனாம்பட்டினத்துக்கு எதிர்ல அத்தனை பேர் செத்திருக்காங்க. சில்வர் பீச்சுக்குப் போறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வராம இருக்காது.

பிரெஞ்சுக்காரங்களைப் பத்தி நீங்க சொன்னது நூறு சதம் நியாயம். பேட்ரிக் ஓ’ப்ரையனோட மூல நாவல்ல துரத்தப்படறது அமெரிக்கக் கப்பல், காலம் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதின 1812 போர். படத்துல அதை 1805க்கு நகர்த்திப் பிரெஞ்சுக் கப்பலா மாத்திட்டாங்க, அமெரிக்க ரசிகர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். சரி மாத்தினாங்க, அந்தப் பக்கத்துல ஒரு மனுஷனையாவது காட்டியிருக்கணும். இத்தனைக்கும் படத்துல ரஸ்ஸல் குரோ ஓட்டற கப்பலோட பேரான சர்ப்ரைஸ்ங்கிற பேர்ல நிஜமா இருந்த கப்பலே பிரெஞ்சுக்காரங்க கட்டினது, 1796ல ஆங்கிலேயர் பிடிச்சுப் பேரை மாத்தி ஓட்டினாங்க. படத்தோட பெரிய குறை இதுதான், நான் சமாதானம் சொல்லப் போறதில்ல.

ஹீரோயின் விஷயத்துக்கு நான் பதில் சொல்லல, அப்படிப் பார்த்தா பாதி உலக சினிமா போயிடும். ஒண்ணு மட்டும், அடுத்த தடவை போட்டா நல்ல ஸ்பீக்கர் வச்சுப் போடுங்க. 10 ஆஸ்கர் பரிந்துரையில இது ஜெயிச்சது ரெண்டு, ஒளிப்பதிவும் சவுண்ட் எடிட்டிங்கும். ஆரம்பத்துல மூடுபனிக்குள்ள வெளிச்சம் மட்டும் மின்னுதே, குண்டு வர்றதுக்குள்ள எல்லாரையும் படுக்கச் சொல்லி கேப்டன் கத்தறானே, அந்த இடம் மொட்டை மாடி ஸ்பீக்கர்ல என்னத்துக்கு ஆகும்.

இன்னொரு ஆசை, இதையும் எழுதிடறேன். அந்தக் காலத்துல சென்னை, பாண்டிச்சேரி ரெண்டு ஊர்லயுமே கப்பல் வந்து கட்டற மாதிரி துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல உடையற அலையைத் தாண்டணும்னா ஐரோப்பியப் படகு தாங்காது, ஆணியே இல்லாம தென்னங்கயித்தால தைச்ச நம்ம மசூலாப் படகுதான் தாங்கும். பீரங்கி, மூட்டை, சிப்பாய், கவர்னர் துரை எல்லாரும் அந்தப் படகுல நம்ம ஆளுங்க துடுப்புப் போட்டுத்தான் இறங்கினாங்க. கப்பல் வந்தது போனது எல்லாம் பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னருக்கு துபாஷியா (மொழிபெயர்ப்பாளரா) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை டைரியில எழுதி வச்சிருக்கார். அந்தப் படகுக்காரங்க பக்கத்துலேருந்து, ரெண்டு தேசத்துக் கப்பலும் காத்துக்காக நிக்கிறதைக் கரையிலேருந்து பார்க்கிற மாதிரி யாராவது தமிழ்ல ஒரு படம் எடுக்கணும். அப்பாவை ஆலோசகரா வச்சுக்கச் சொல்லி நானே அவங்ககிட்ட பேசுவேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து